கார்டு தேதியை மாற்றும், கணக்கை மாற்றாது

வீட்டுக் கணக்குப் பாடம்: கிரெடிட் கார்டு



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுவில் கடன் பயன்பாடு பார்க்கப் போயிருந்தோம். ஊக்குநர், பிரதிநிதி, இன்னும் இரண்டு உறுப்பினர்கள், நான். ஆடு வாங்க 18,000 ரூபாய் உள்கடன் வாங்கிய அக்காவின் வீடு அது. பத்து வருடமாகக் குழுவில் இருப்பவர். ஒரு தவணை கூடத் தவறாதவர். கொட்டகை காலியாக இருந்தது. "ஆடு மேய்ச்சலுக்குப் போயிருக்கா அக்கா?" என்று ஊக்குநர் சாதாரணமாகத்தான் கேட்டார். அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். மகனுக்குக் கம்பெனியில் வேலை கிடைத்ததும் ஒரு கிரெடிட் கார்டு வந்தது. போன வருடம் பள்ளி திறக்கும் நேரத்தில் மளிகை, துணி, மருத்துவச் செலவு என்று அந்தக் கார்டில் 20,000 ரூபாய் ஏறிவிட்டது. "இப்போதைக்கு மினிமம் கட்டினா போதும்மா" என்று போனில் சொன்னார்களாம். அதை நம்பி மாதாமாதம் ஆயிரத்தை ஒட்டிக் கட்டினார்கள். ஒரு வருடத்தில் 11,000 ரூபாய்க்கு மேல் கட்டிய பிறகும் பாக்கி 18,000! அதை அடைக்கத்தான் ஆடு என்று பொய் சொல்லிக் கடன் வாங்கியிருக்கிறார்.

"கேட்டிருந்தா கொடுத்திருக்க மாட்டோமா அக்கா? எதுக்குப் பொய்?" என்று பிரதிநிதி கேட்டார்.

"கார்டுன்னு சொன்னா எல்லாரும் திட்டுவீங்க. மேடமும் பயிற்சியில கார்டே வேண்டாம், தொடாதீங்கன்னு தானே சொன்னாங்க" என்றார் அந்த அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். நான் பயிற்சிகளில் அப்படித்தான் சொல்லி வந்தேன். "வேண்டாம்" என்று சொன்னதால் கார்டு நம் வீடுகளுக்குள் வராமல் இல்லை. மகன் பெயரில், மகள் பெயரில், வீட்டுக்காரர் பெயரில் வந்துவிட்டது. வந்த பிறகு அதைப் பற்றிப் பேச இடம் இல்லாமல் போனதுதான் மிச்சம். அதனால் இந்த மாதப் பாடம் கார்டைப் பற்றி. கார்டு வைத்திருப்பவர்களும் படியுங்கள், வீட்டில் பிள்ளைகள் வைத்திருப்பவர்களும் படியுங்கள்.

கார்டு என்பது என்ன?

நம்மிடம் இருக்கும் ஏ.டி.எம். கார்டு (டெபிட் கார்டு) நம் கணக்கில் உள்ள நம் பணத்தை எடுக்கிறது. கிரெடிட் கார்டு வங்கியின் பணத்தை எடுக்கிறது. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

"எனக்கு 50,000 லிமிட் கொடுத்திருக்காங்க" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அது வங்கி நமக்குக் கொடுத்த பணம் இல்லை. எவ்வளவு வரைக்கும் கடன்படலாம் என்று போட்ட கோடு. அந்தக் கோட்டை நம் வருமானத்துக்குத் தகுந்தபடி நாமே குறைத்துக்கொள்ளவும் வங்கியிடம் கேட்கலாம்.

நம் வீடுகளில் பெரும்பாலும் கஷ்டம் எங்கே வருகிறது? வரவு ஒரு தேதியில் வருகிறது, செலவு வேறு தேதியில் வருகிறது. மில் சம்பளம் 7ஆம் தேதி வரும். பள்ளிக் கட்டணம் 2ஆம் தேதி கேட்பார்கள். தையல் கூலி சனிக்கிழமை வரும். சிலிண்டர் செவ்வாய்க்கிழமை தீரும். பணம் வரப்போகிறது, ஆனால் இன்றைக்குக் கையில் இல்லை. இந்த இடைவெளியை அடைக்கத்தான் நாம் பக்கத்து வீட்டில் கைமாற்று கேட்கிறோம், தண்டல்காரரிடம் போகிறோம். பத்தாயிரம் என்று எழுதி 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் வசூலிக்கும் கணக்கு நமக்குத் தெரியாததா?

இந்தத் தேதி இடைவெளியை வட்டி இல்லாமல் அடைக்கக் கார்டு உதவும். அது ஒன்றுதான் கார்டு செய்யும் நல்ல காரியம். செலவைக் குறைக்காது, வருமானத்தைக் கூட்டாது. கட்ட வேண்டிய தேதியைத் தள்ளி வைக்கும், அவ்வளவுதான். இதை நன்றாக மனதில் வைத்துக்கொண்டால் மீதிப் பாடம் சுலபம்.

இரண்டு தேதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு கார்டுக்கும் இரண்டு தேதி உண்டு. ஒன்று பில் போடும் தேதி. மற்றொன்று பணம் கட்டக் கடைசித் தேதி. பில் வந்த பிறகு வட்டியில்லாமல் கட்டக் குறைந்தது இரண்டு வாரமாவது கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

உதாரணத்துக்கு, பில் தேதி ஒவ்வொரு மாதமும் 22, கடைசித் தேதி அடுத்த மாதம் 10 என்று வைத்துக்கொள்வோம்.

மே 23 அன்று வாங்கிய பொருள் ஜூன் 22 பில்லில் வரும். கட்ட வேண்டியது ஜூலை 10. நமக்குக் கிடைத்தது 48 நாள்.

ஜூன் 21 அன்று வாங்கிய பொருளும் அதே ஜூன் 22 பில்லில்தான் வரும். கட்ட வேண்டியதும் அதே ஜூலை 10. கிடைத்தது 19 நாள்தான்.

ஆக "50 நாள் வட்டி இல்லை" என்று விளம்பரத்தில் சொல்வது எல்லா நாளுக்கும் பொருந்தாது. பில் தேதிக்கு அடுத்த நாள் வாங்கினால்தான் அதிக நாள் கிடைக்கும்.

இன்னொன்று. கடைசித் தேதி நம் வீட்டுச் சம்பளத் தேதிக்கு மூன்று நாள், ஐந்து நாள் கழித்து வருவதுபோல் இருக்க வேண்டும். சம்பளம் 7ஆம் தேதி, கடைசித் தேதி 3 என்றால் ஒவ்வொரு மாதமும் திண்டாட்டம்தான். பில் தேதியை ஒரு முறையாவது நம் வசதிக்கு மாற்றித் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிகளில் இருக்கிறது. வங்கிக்குப் போன் செய்து தைரியமாகக் கேளுங்கள்.

ஒரு குடும்பத்தின் ஜூன் மாதக் கணக்கு

ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். வீட்டுக்காரர் மில் சம்பளம் 16,000 (7ஆம் தேதி). அம்மாவின் தையல் கூலி மாதம் சுமார் 6,000 (வாராவாரம்). மொத்த வரவு 22,000. வாடகை, மளிகை, பால், கரண்ட், வேன், குழுச் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் சேர்ந்து செலவு 19,000. மாதம் மிஞ்சுவது 3,000.

ஜூன் 2 அன்று பள்ளிக் கட்டணம் 4,000, நோட்டு, சீருடை, ஷூ 2,000, ஆக 6,000 தேவை. கையில் இல்லை. கார்டில் கட்டுகிறார்கள். அது ஜூன் 22 பில்லில் வரும். கட்ட வேண்டியது ஜூலை 10. இதற்குள் எத்தனை சம்பளம் வருகிறது? ஜூன் 7 ஒன்று, ஜூலை 7 ஒன்று. ஜூனில் மிச்சம் 3,000, ஜூலையில் மிச்சம் 3,000. இரண்டையும் தனியாக எடுத்து வைத்தால் ஜூலை 8 அன்றே 6,000 ரூபாயையும் கட்டிவிடலாம். வட்டி ஒரு பைசா கிடையாது.

இதே வீட்டில் ஜூன் 2 அன்று 10,000 தேவைப்பட்டால்? கார்டில் 10,000 தேய்க்க இடம் இருக்கும், வங்கி தடுக்காது. ஆனால் ஜூலை 10க்குள் இவர்களால் சேர்க்க முடிந்தது 6,000தான். மீதி 4,000க்கு வழி இல்லை. அப்படியானால் 6,000 கார்டில், 4,000 குழுவில் உள்கடன் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். தேதி மட்டும்தான் பிரச்சினை என்றால் கார்டு. பணமே போதவில்லை என்றால் குழுக்கடன். இந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தெரிந்தால் பாதிப் பாடம் தேறிவிட்டோம்.

கார்டைத் தேய்ப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "இந்தப் பணம் எந்தத் தேதியில், எதிலிருந்து வரும்?" பதிலாகத் தேதியும் தொகையும் சொல்ல முடிந்தால் தேய்க்கலாம். "எப்படியாவது கட்டிடலாம்" என்று பதில் வந்தால் கார்டை உள்ளே வையுங்கள்.

'மினிமம்' என்ற பொறி

பில் வரும்போது போனில் ஒரு குறுஞ்செய்தி வரும். அதில் இரண்டு தொகை இருக்கும். ஒன்று 'டோட்டல் டியூ', அதாவது மொத்தப் பாக்கி. மற்றொன்று 'மினிமம் டியூ', குறைந்தபட்சத் தொகை. இரண்டில் எது பெரிய எண்ணோ அதைத்தான் நாம் கட்ட வேண்டும். படிக்கத் தெரியாத அக்காமார்களும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்: சின்ன எண் பொறி, பெரிய எண் வழி.

மினிமம் கட்டினால் என்ன ஆகும்? அபராதம் வராது, அது மட்டும்தான் லாபம். வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். கார்டு வட்டி பல வங்கிகளில் மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் மூன்றரை வட்டி. அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரியும் உண்டு. அதையும் சேர்த்தால் நாலு வட்டியைத் தாண்டிவிடும்!

அந்த அக்காவின் கணக்கை நோட்டில் போட்டுப் பார்த்தோம்.

பாக்கி: 20,000 ரூபாய்
கட்டிய மினிமம் (ஐந்து சதவீதம்): 1,000
அந்த மாத வட்டி (மூன்றரை சதவீதம்): 700
வட்டிக்கு ஜி.எஸ்.டி.: 126
வட்டியும் வரியும்: 826
கடனில் உண்மையில் குறைந்தது: 174

ஆயிரம் ரூபாய் கட்டினால் 174 ரூபாய்தான் கடன் குறைகிறது. இப்படியே பன்னிரண்டு மாதம் போனால், புதிதாக எதுவுமே வாங்காமல் இருந்தாலும், கட்டியது சுமார் 11,400, பாக்கி சுமார் 18,000. அந்த அக்கா வீட்டில் நடந்தது அப்படியே இதுதான். யாரும் ஏமாற்றவில்லை. கணக்கே அப்படி. மினிமம் போடும் முறை வங்கிக்கு வங்கி கொஞ்சம் மாறும், ஆனால் பொறி ஒன்றுதான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒரு மாதம் முழுசாகக் கட்டாமல் பாக்கி வைத்தால், அந்த வட்டியில்லா நாட்கள் பறிபோய்விடும். பாக்கிக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி. அதற்குப் பிறகு புதிதாக வாங்கும் அரிசி, பருப்புக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. மொத்தப் பாக்கியும் தீரும்வரை இப்படித்தான். ஆகவே பாக்கி இருக்கும்போது கார்டைத் தொடவே கூடாது.

மூன்று இடத்தில் உஷார்

ஒன்று, ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டு போட்டுப் பணம் எடுப்பது. இதற்கு வட்டியில்லா நாளே கிடையாது. எடுத்த நாளே வட்டி ஆரம்பம். அதற்கு மேல் கட்டணம் வேறு. பல வங்கிகளில் எடுக்கும் தொகையில் இரண்டரை சதவீதம் அல்லது குறைந்தது 500 ரூபாய். 5,000 ரூபாய் எடுத்தால் கட்டணம் 500, அதற்கு வரி 90. ஒரு மாத வட்டி 175, அதற்கு வரி சுமார் 31. மொத்தம் 796 ரூபாய். நூற்றுக்குக் கிட்டத்தட்ட பதினாறு ரூபாய்! மீட்டர் வட்டிக்காரர்கூட வெட்கப்படுவார். "கார்டைத் தேய்ச்சுக் காசா தர்றோம்" என்று கமிஷன் வாங்கும் கடைகளுக்கும் போகாதீர்கள். பொருள் வாங்காமலே வாங்கியதாகப் போடும் பொய்ப் பில் அது.

இரண்டு, வட்டியில்லா இ.எம்.ஐ. டி.வி., பிரிட்ஜ், செல்போன் கடைகளில் இந்தப் பலகையைப் பார்க்கிறோம். கார்டு பாக்கியில் பூஜ்ய வட்டி என்று ஒன்று உண்மையில் கிடையாது, வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கியே 2013இல் சொல்லியிருக்கிறது. செயல்பாட்டுக் கட்டணம் இருக்கலாம், ரொக்கத்துக்குத் தரும் தள்ளுபடி போயிருக்கலாம், வட்டிப் பகுதிக்கு வரி வரலாம். "முழுப் பணமும் இப்பவே கொடுத்தா என்ன விலை? இ.எம்.ஐ.ல மொத்தம் எவ்வளவு கட்டணும்?" இந்த இரண்டையும் கேட்டுக் கழித்துப் பாருங்கள். வித்தியாசம்தான் வட்டி.

மூன்று, போனில் ஸ்கேன் செய்வது. ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யோடு இணைக்கும் வசதி 2022இல் வந்தது. இப்போது பெட்டிக்கடையில்கூடக் கார்டுக் கடனில் ஸ்கேன் செய்யலாம். வசதிதான். ஆனால் சேமிப்புக் கணக்கில் இருந்து போகிறதா, கடனில் இருந்து போகிறதா என்று தெரியாமலே போய்விடும். "இருபது ரூபா தானே, முப்பது ரூபா தானே" என்று சின்னச் சின்னதாகப் போனதுதான் பில்லில் நாலாயிரமாக வந்து நிற்கும். டீ, பூ, காய்கறிக்கு எல்லாம் சேமிப்புக் கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டு வைத்திருக்கும் வீட்டுக்கு ஆறு பழக்கம்

1. ஒரு வீட்டுக்கு ஒரு கார்டு போதும். இரண்டாவது கார்டு பெரும்பாலும் முதல் கார்டின் பாக்கியைக் கட்டத்தான் பயன்படுகிறது.

2. தேய்த்த அன்றே நோட்டில் எழுதுங்கள். குழுவில் ரொக்கப் புத்தகம் எழுதுகிறோமே, அதே மாதிரி. தேதி, எதற்கு, எவ்வளவு, எந்தப் பணத்தில் கட்டப்போகிறோம் என்று நாலு கட்டம் போதும்.

3. கார்டுக்கு என்று தனி டப்பாவோ தனிச் சேமிப்புக் கணக்கோ வையுங்கள். சம்பளம் வந்ததும் முதலில் அந்தப் பங்கை அதில் போடுங்கள். மிஞ்சினால் போடலாம் என்றால் மிஞ்சாது.

4. கணக்கில் இருந்து தானாகப் பிடிக்கும் வசதி வைத்தால், 'மொத்தப் பாக்கி' பிடிக்கும்படி வையுங்கள். சில இடங்களில் 'மினிமம்' என்று வைத்துவிடுகிறார்கள். ஒரு முறை சரி பாருங்கள்.

5. கடைசி நாள் வரை காத்திருக்காமல் இரண்டு நாள் முன்பே கட்டுங்கள். போன் வேலை செய்யவில்லை, நெட் கிடைக்கவில்லை என்பதெல்லாம் வங்கிக்குச் சாக்கு ஆகாது.

6. கார்டை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். நாத்தனார் கேட்டாலும், குழு உறுப்பினர் கேட்டாலும் சரி. வாங்கியது அவர், கடன்காரர் நீங்கள். கூடுதல் கார்டு எடுத்துக் கொடுத்தாலும் முதல் கார்டுக்காரர்தான் பொறுப்பு.

கார்டு வாங்கும் முன்பே வருடக் கட்டணம் எவ்வளவு, முதல் வருடம் மட்டும்தான் இலவசமா, வட்டி மாதம் எத்தனை சதவீதம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு வைப்புத்தொகை (டெபாசிட்) பேரில் கார்டு தரும் வங்கிகளும் உண்டு. ஆனால் பாக்கி கட்டாவிட்டால் அந்த வைப்புத்தொகையில் கை வைப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

நமக்கு உள்ள உரிமைகள்

கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. நம் சம்மதம் இல்லாமல் லிமிட்டைக் கூட்டக் கூடாது.

பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் வங்கிதான் நமக்குக் கொடுக்க வேண்டும்.

கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம். அதற்காக மூன்று நாள் தள்ளலாம் என்று திட்டம் போடாதீர்கள், வட்டி காத்திருக்காது.

வசூலுக்கு வருபவர் காலை 8 மணிக்கு முன்னும், மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. திட்டுவது, மிரட்டுவது, அக்கம்பக்கத்தில் சொல்லி அவமானப்படுத்துவது எல்லாம் விதிக்கு விரோதம். கடன்பட்டதற்காக மரியாதையை அடகு வைக்கவில்லை நாம்.

குறை இருந்தால் முதலில் வங்கிக்கு எழுத்தில் கொடுத்து எண் வாங்குங்கள். முப்பது நாளில் பதில் இல்லை என்றால், அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 எண்ணில் கூப்பிடலாம்.

ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். "வங்கியில இருந்து பேசறோம், லிமிட் கூட்டித் தர்றோம்" என்று இனிமையாகத்தான் பேசுவார்கள். பணம் போய்விட்டது தெரிந்தால் அந்த நிமிடமே வங்கிக்குச் சொல்லிக் கார்டை நிறுத்துங்கள், 1930க்குப் போன் செய்யுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு

முதலில் கார்டைத் தேய்ப்பதை நிறுத்துங்கள். பீரோவில் பூட்டி வைத்தால் போதாது. போனில் இணைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, மொத்தப் பாக்கி எவ்வளவு என்று பில்லைப் பார்த்து எழுதுங்கள். பயந்துகொண்டு பில்லைத் திறக்காமல் இருப்பவர்கள் நிறையப் பேர். திறக்காவிட்டாலும் வட்டி ஏறும்.

மூன்றாவது, அதிக வட்டிக் கடனைக் குறைந்த வட்டிக் கடனாக மாற்றுங்கள். அந்த அக்காவின் 18,000 ரூபாயையே பாருங்கள். குழுவில் ஒன்றரை வட்டி, அசல் மாதம் 1,000 வீதம் 18 தவணை. முதல் மாதம் வட்டி 270, ஆக 1,270 கட்ட வேண்டும். மாதாமாதம் வட்டி குறைந்து, கடைசி மாதம் 1,015. மொத்த வட்டி 2,565 ரூபாய். பதினெட்டு மாதத்தில் கடன் முடிந்தது. கார்டில் கட்டியதைவிட மாதம் கொஞ்சம்தான் கூட, ஆனால் இதற்கு முடிவு இருக்கிறது. அந்த 2,565 ரூபாயும் நம் குழுவின் பொது நிதிக்குத்தான் வருகிறது. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் வாங்கி அடைத்தாலும் கார்டு வட்டியைவிட மிகக் குறைவு. குழுவில் அவ்வளவு நிதி இல்லை என்றால், பாக்கியைத் தவணையாக மாற்றித் தரும்படி வங்கியிடம் கேளுங்கள். வட்டி எவ்வளவு என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

நான்காவது, "பாதி கட்டுங்க, செட்டில் பண்ணிக்கலாம்" என்று வரும் அழைப்புக்கு அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். முழுசாகக் கட்டவில்லை என்பது சிபில் அறிக்கையில் பதிந்துவிடும். நாளைக்கு வீட்டுக் கடன், படிப்புக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். குழுவுக்கு வங்கிக் கடன் கேட்கும்போதும் உறுப்பினர்களின் அறிக்கையைப் பார்க்கும் கிளைகள் இருக்கின்றன. ஒருவர் பாக்கி பன்னிரண்டு பேரையும் பாதிக்கும். வருடத்துக்கு ஒரு முறை இந்த அறிக்கையை இலவசமாகவே பார்க்கலாம், கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஐந்தாவது, குழுவில் உண்மையைச் சொல்லுங்கள். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

அந்தக் குழுவில் என்ன முடிவு எடுத்தார்கள்?

மறு வாரக் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். "பொய் சொல்லி வாங்கினதுக்கு அபராதம் போடணும், இல்லைன்னா நாளைக்கு எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்றார்கள் சிலர். அதில் நியாயம் இருக்கிறது. "பத்து வருஷமா ஒழுங்கா கட்டினவங்க, பயத்துல செஞ்சது" என்றார்கள் வேறு சிலர். அதிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில் குழு விதிப்படி அபராதம் கட்டுவது என்றும், தீர்மான நோட்டில் கடன் நோக்கத்தை 'கிரெடிட் கார்டு பாக்கி அடைக்க' என்று திருத்தி எழுதுவது என்றும் முடிவானது. கூடவே இன்னொரு தீர்மானமும் போட்டார்கள். இனிமேல் உயர்வட்டிக் கடனை அடைக்க உள்கடன் கேட்டால், அதையும் ஒரு நல்ல நோக்கமாக ஏற்றுக்கொள்வது, கேட்பவரை யாரும் குத்திக்காட்டிப் பேசக் கூடாது என்று.

அந்த அக்கா கையெழுத்துப் போடும்போது, "இப்பத்தான்மா சோறு இறங்குது" என்றார். மகன் இப்போதும் கார்டு வைத்திருக்கிறார். லிமிட்டைக் குறைத்துவிட்டார்கள். பில் வந்ததும் அம்மாவிடம் காட்டுகிறார். அம்மா நோட்டில் எழுதி வைத்திருப்பதோடு ஒத்துப் பார்க்கிறார். மூன்று மாதமாகப் பெரிய எண்ணைத்தான் கட்டுகிறார்கள்.

இனிமேல் நானும் பயிற்சிகளில் "கார்டே வேண்டாம்" என்று மொட்டையாகச் சொல்லப்போவதில்லை. நோட்டை எடுங்கள், பில்லை எடுங்கள், சேர்ந்து கணக்குப் போடுவோம் என்றுதான் சொல்லப்போகிறேன்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் வீட்டில் யாரிடம் கிரெடிட் கார்டு இருக்கிறது? பில் தேதி என்ன, கடைசித் தேதி என்ன?

2. நம் வீட்டு வரவுத் தேதிகளையும் செலவுத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதுங்கள். எந்த வாரத்தில் இடிக்கிறது?

3. மாதம் உண்மையில் மிஞ்சுவது எவ்வளவு? அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கார்டில் தேய்த்திருக்கிறோமா?

4. கார்டு வட்டி, தண்டல் வட்டி, நகைக்கடன் வட்டி, நம் குழு வட்டி ஆகிய நான்கையும் நூற்றுக்கு எவ்வளவு என்று பலகையில் எழுதிப் பாருங்கள்.

5. கடன் சிக்கலை ஒரு உறுப்பினர் பயமில்லாமல் சொல்லும்படி நம் குழு இருக்கிறதா? இல்லை என்றால் என்ன மாற்ற வேண்டும்?

ஐந்தாவது கேள்விக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் உங்கள் தேதித் தாளைக் கொண்டு வாருங்கள். பில்லும் இருந்தால் மறக்காமல் எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்